சாவி கொடுத்தாயிற்று, அட்வான்ஸ் எங்கே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாடகை வீட்டு முன்பணத்தைத் திரும்பப் பெறுவது குறித்துத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வீட்டைக் காலி செய்தவர்கள், வாடகைக்கு விட்டவர்கள் ஆகிய இரு தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் மாதம் 7,000 ரூபாய் வாடகையில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தோம். அட்வான்ஸாக 50,000 ரூபாய் கொடுத்திருந்தோம். காலி செய்து சாவியைக் கொடுத்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. "அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தர முடியும், அதிலும் பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன்" என்கிறார் வீட்டுக்காரர். முதலில் எழுதிய பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பிறகு நாங்கள் புதுப்பிக்கவே இல்லை. பணம் கைக்கு வரும்வரை சாவியைக் கொடுத்திருக்கக் கூடாது என்று உறவினர்கள் குறை சொல்கிறார்கள். இனி என்ன செய்வது?
(தனியார் பள்ளி ஆசிரியை, தர்மபுரி)

பதில்: அடுத்த குடித்தனம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது நம் ஊர்களில் வேரூன்றிவிட்ட வழக்கம், சட்டத்தில் அதற்கு இடமில்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் (2017 ஆம் ஆண்டின் 42 ஆம் எண் சட்டம்) 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11 ஆவது பிரிவு, வேறு விதமான உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்றும், வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. வீடு மறுபடியும் வாடகைக்குப் போகிறதா, ஆறு மாதம் பூட்டிக் கிடக்கிறதா என்பது உரிமையாளரின் கவலை. அதை உங்கள் பணத்தோடு முடிச்சுப் போட அவருக்கு உரிமை இல்லை. இதற்கு முன் இருந்த 1960 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கவே கூடாது என்று சொன்னது. அதை மதித்து நடந்த வீட்டுக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வாங்கிய அட்வான்ஸை வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ செலவழித்துவிட்டு, திருப்பித் தர அடுத்தவரின் அட்வான்ஸை எதிர்பார்ப்பதுதான் இந்த வழக்கத்தின் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். பலரிடம் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அந்தச் சங்கடத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

பெயின்ட் விஷயத்தில் சற்று நிதானம் தேவை. பராமரிப்புப் பொறுப்புகளை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுக்கும் இரண்டாம் அட்டவணை ஒன்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் அதில் உரிமையாளரின் பொறுப்புகளாகவே எழுதப்பட்டுள்ளன. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அது செல்லும் என்ற விலக்கும் அங்கேயே உண்டு. ஆகவே பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள். முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து தரும் கடைகளில் இருக்கும் ஆயத்த வாசகங்களில், "காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வண்ணம் பூசும் செலவுக்காகப் பிடித்துக்கொள்ள இரண்டாம் தரப்பினர் சம்மதிக்கிறார்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். நாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்போம். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்பும் நீங்கள் அதே வீட்டில் தொடர்ந்து குடியிருந்து, அவரும் வாடகையை வாங்கிக்கொண்டிருந்ததால், பழைய நிபந்தனைகளே தொடர்ந்தன என்று அவர் வாதாட முடியும். அப்படி ஒரு வரி இருந்தால் 7,000 ரூபாயை விட்டுவிட்டு 43,000 ரூபாயைக் கேளுங்கள். அந்த வரி இல்லையென்றால் முழுத் தொகையையும் கேளுங்கள். நான்கு ஆண்டுகளில் எந்தச் சுவரும் தானாகவே மங்கத்தான் செய்யும்.

சாவியைக் கொடுத்தது சரியான செயல். இதில் உங்கள் உறவினர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். சாவி உங்களிடம் இருக்கும்வரை வீடு உங்கள் வசமே இருக்கிறது என்றாகும். திருப்பித் தருவதற்கான அந்த ஒரு மாதக் கெடு தொடங்காது. அந்த நாட்களுக்கும் வாடகை தர வேண்டும் என்று அவர் கணக்குச் சொல்லலாம். வாடகைக் காலம் முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம் வாடகையைப் போலப் பல மடங்கு இழப்பீடு கேட்கவும் இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்களிடம் இப்போது இல்லாதது சாவியைக் கொடுத்ததற்கான சான்று. இன்ன தேதியில் சாவியைப் பெற்றுக்கொண்டேன் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். அது இல்லாததால், காலி செய்த நாளில் வாட்ஸ்அப்பில் நடந்த உரையாடல், சாமான் ஏற்றிய வண்டிக்கான ரசீது, எரிவாயு இணைப்பை முகவரி மாற்றிய தேதி போன்றவற்றைத் திரட்டி வையுங்கள்.

அடுத்து, ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் உரிமையாளருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். முன்பணம் கொடுத்த தேதியும் தொகையும், சாவி ஒப்படைத்த தேதி, நீங்கள் ஒப்புக்கொள்ளும் கழிவு, உங்கள் வங்கிக் கணக்கு எண், பதினைந்து நாள் கெடு ஆகியவை மட்டும் அதில் இருந்தால் போதும். கோபத்தைக் காகிதத்தில் இறக்கிவைக்க வேண்டாம். பல தகராறுகள் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடும். முடியவில்லையென்றால், உங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமலும், இந்தச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படாமலும் இருக்கும் நிலையில், தர்மபுரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் முதலில் மனு கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேச அவர்களால் முடியும். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண் என்ற முறையில் உங்களுக்கு வருமான வரம்பு எதுவும் பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசத்துக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு, அதன் மீது மேல்முறையீடு கிடையாது. உரிமையாளர் அங்கு வர மறுத்தாலோ சமரசத்துக்கு இசையாவிட்டாலோ, பணத்தை மீட்க வழக்குத் தொடுக்க வேண்டியதுதான். அதற்கான கால வரம்பு மூன்று ஆண்டுகள். வாய்தா சொல்லிச் சொல்லி அவர் அதைக் கடத்திவிட இடம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, வீட்டுக்காரர் ஒரு பட்டியலைக் கொடுத்தார். குளியலறை டைல்ஸில் உப்புக் கறை, ஒழுகும் இரண்டு குழாய்கள், சுவரில் ஆணி அடித்த துளைகள், உடைந்த சன்னல் கண்ணாடி, வேலை செய்யாத சுவிட்சுகள், இன்னும் வராத மின் கட்டணம் என்று எழுதி, மொத்தம் 18,000 ரூபாயை அட்வான்ஸில் கழித்துவிட்டார். இவை எல்லாவற்றையும் ஏற்க வேண்டுமா?
(வங்கி ஊழியர், கிருஷ்ணகிரி)

பதில்: சிலவற்றை ஏற்க வேண்டும், சிலவற்றை ஏற்க வேண்டியதில்லை. குடிவந்தபோது வீடு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் சட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் சாதாரணப் புழக்கத்தால் ஏற்படும் தேய்மானம் அதற்கு விலக்கு.

உப்புக் கறை அந்த விலக்குக்குள் வர வேண்டும் என்றே சொல்வேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு, ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துவந்த நம் இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் கிடைக்கிறது. ஆனால் குளிக்கவும் துவைக்கவும் பெரும்பாலான வீடுகளில் இன்னமும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் நாள்தோறும் ஓடும் டைல்ஸில் வெள்ளைப் படலம் படிவதை எந்தக் குடித்தனக்காரராலும் தடுக்க முடியாது. அந்தத் தண்ணீரைக் கொடுத்தவரும் உரிமையாளரே. மாதக் கணக்கில் கழுவாமலே விட்டதால் கெட்டுப்போனது என்றால் அது வேறு பேச்சு, அதை அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

குழாய், குழாய் வாஷர், சுவிட்சு, சன்னல் கண்ணாடி ஆகியவை நான் முன் பதிலில் சொன்ன இரண்டாம் அட்டவணையில் வாடகைதாரரின் பொறுப்பாகவே வருகின்றன. அவற்றை நீங்களே சரிசெய்துவிட்டுக் கிளம்பியிருந்தால் செலவு பாதியாகக் குறைந்திருக்கும். இப்போது செய்யக் கூடியது, உண்மையில் எவ்வளவு செலவானது என்பதற்குக் கடை ரசீதும் பிளம்பர், எலெக்ட்ரீஷியன் கூலி விவரமும் கேட்பது. சட்டம் கழிக்க அனுமதிப்பது செலவான தொகையைத்தான். மனதுக்குத் தோன்றிய தொகையை அன்று. சுவருக்குள் ஓடும் வயரிங் கெட்டதால் சுவிட்சு வேலை செய்யவில்லை என்றால் அது உரிமையாளரின் கணக்கில் சேரும். காலண்டர் மாட்ட அடித்த ஓரிரு ஆணித் துளைகளை யாரும் பொருட்படுத்தத் தேவையில்லை. டிவி ஸ்டாண்டுக்காகச் சுவரைத் துளைத்துப் பூச்சு பெயர்ந்திருந்தால் அந்த இடத்தைப் பூசிக் கொடுக்கும் செலவு உங்களுடையது.

மின் கட்டணத்தில்தான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது. மின் வாரியம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், இடையில் காலி செய்பவரின் கட்டணம் அன்றைக்குத் தெரியாது. ஆகவே உரிமையாளர் உத்தேசமாக ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார், பிறகு அது மறந்துபோகும். காலி செய்த நாளின் மீட்டர் அளவைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தால், அடுத்த கணக்கீடு வந்ததும் உங்கள் பங்கைத் துல்லியமாகச் சொல்லலாம். இணைப்பு எண்ணைக் கொண்டு கட்டணத்தை மின் வாரிய இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ள முடியும். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். அரசு தரும் சலுகையைத் தன் பையில் போட்டுக்கொண்டு, சப் மீட்டருக்கு யூனிட் இவ்வளவு என்று வசூலிக்கும் பழக்கம் உள்ள இடங்களில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: ஓசூரில் என் கணவர் கட்டிய வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த வாடகைதான் எனக்கு வருமானம். குடியிருப்பவர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை. கேட்டால், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் அம்மா, அது தீர்ந்ததும் காலி செய்துவிடுகிறோம்" என்கிறார்கள். அட்வான்ஸ் நான்கு மாத வாடகைக்குச் சமம். வீட்டைப் பாழாக்கி வைத்திருந்தால் நான் யாரிடம் போவேன்? தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடு என்கிறார் என் தம்பி.
(வீட்டு உரிமையாளர், ஓசூர்)

பதில்: முதலில் மோட்டாரில் கை வைக்காதீர்கள், அம்மா. குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை முதல் பதிலில் சொன்ன தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படிச் செய்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் குற்றவாளியாக நீங்கள்தான் நிற்க நேரிடும்.

வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்ல வாடகைதாரருக்குத் தாமாக எந்த உரிமையும் இல்லை. முன்பணம் என்பது, காலி செய்த பிறகு தெரியவரும் சேதத்துக்கும் பாக்கிக்கும் பிணையாக உங்களிடம் இருப்பது. குடியிருக்கும்போதே அதைத் தின்று தீர்த்துவிட்டால் பிணை எங்கே இருக்கிறது? இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, அதைக் கேட்டு நீங்கள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், வீட்டைத் திரும்பப் பெற மனு செய்ய அது போதுமான காரணம். ஆகவே இன்றே அறிவிப்பை அனுப்புங்கள். உங்கள் ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருந்தால் வழி எளிது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்புக்கு நியமிப்பார். உங்கள் பகுதிக்கு அவர் யார் என்பதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அவர்களாகவே நல்ல முறையில் காலி செய்ய முன்வந்தால், இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்த்து, சேதம் எதுவோ அதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு சாவியை வாங்குங்கள். கழித்த தொகைக்குக் கணக்கு எழுதிக் கொடுங்கள். சேதம் முன்பணத்தை விட அதிகமானால் மிச்சத்தைத் தனியாகக் கேட்டு வழக்குத் தொடரலாம். பத்தாயிரம், பதினைந்தாயிரத்துக்காக அந்த அலைச்சல் தகுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால், வீடு கைக்கு வருவதே பெரிது.

கேள்வி: பாலக்கோட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். புதியவர் எங்களைக் காலி செய்யச் சொல்கிறார். அட்வான்ஸைக் கேட்டால், "அதை வாங்கிய பழைய உரிமையாளரிடம் கேளுங்கள்" என்கிறார். பழையவரோ, "வீட்டோடு எல்லாமே அவரிடம் போய்விட்டது" என்கிறார். நாங்கள் யாரைக் கேட்பது?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: இந்த நிலைமையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109 ஆவது பிரிவு எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. வாடகைக்கு விட்ட சொத்தை விற்றுவிட்டதாலேயே பழைய உரிமையாளரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. புதியவரைப் பொறுப்பாளராக ஏற்றுக்கொள்வதா என்பது வாடகைதாரரின் விருப்பம். பணத்தை வாங்கியவர் பழையவர். அவர் கொடுத்த ரசீதோ ஒப்பந்தமோ உங்களிடம் இருக்கும். விற்பனை விலையில் உங்கள் அட்வான்ஸைக் கழித்துக்கொண்டுதான் புதியவர் பணம் கொடுத்தார் என்பதற்குக் கிரயப் பத்திரத்திலோ வேறு எழுத்திலோ ஆதாரம் இருந்தால் புதியவரைக் கேளுங்கள். இல்லையென்றால் பழையவரை விடாதீர்கள். இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, யார் தரப்போகிறார்கள் என்பதை எழுத்தில் சொல்லுமாறு கேட்பது நல்லது. யாரும் எழுதித் தராத நிலையில் புதியவரிடம் வாடகை கட்டத் தொடங்கினால், அட்வான்ஸைப் பற்றிய உங்கள் உரிமை குறையவில்லை என்று அதோடு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஓசூர் சிப்காட் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மாத வாடகை கட்ட வேண்டாம், மூன்று ஆண்டு முடிவில் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னதால், 6 லட்ச ரூபாய் கொடுத்து ஒரு வீட்டை லீசுக்கு எடுத்தேன். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம், பதிவு செய்யவில்லை. இப்போது வீட்டின் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. உரிமையாளர் கடனைக் கட்டவில்லையாம். என் பணம் போய்விட்டதா?
(தொழிலாளி, ஓசூர்)

பதில்: பணத்தைக் கேட்கும் உரிமை போகவில்லை, வீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பணத்தை வாங்கும் பலம்தான் குறைந்திருக்கிறது. பெங்களூரு பழக்கத்தைப் பின்பற்றி ஓசூரில் பத்து மாத அட்வான்ஸும் இப்படிப்பட்ட லீசும் பரவிவிட்டன. ஒப்பந்தத்தை எழுதும்போது இரு தரப்புக்கும் இனிக்கும். வங்கி வந்து நிற்கும் நாளில்தான் அதன் ஓட்டை தெரியும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை, பதிவு செய்த பத்திரத்தின் மூலமே செல்லும். வீட்டைப் பிணையாக வைத்துப் பணம் வாங்கி, வட்டிக்குப் பதிலாக அதில் குடியிருக்க விடும் ஒத்தியோ போக்கியமோ என்றால், நூறு ரூபாய்க்கு மேல் போகும் எந்தத் தொகைக்கும் பதிவு கட்டாயம். நூறு ரூபாய் முத்திரைத்தாள் இந்த இரண்டில் எதற்கும் ஈடாகாது. வங்கி 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வீட்டைக் கைப்பற்ற வரும்போது, பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் காட்டி ஓராண்டுக்கு மேல் அங்கே இருக்க உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் கூறியிருக்கிறது. வங்கிக்கு அடமானம் வைத்த தேதி உங்கள் லீசுக்கு முந்தையதாக இருந்தால் உங்கள் நிலை இன்னும் பலவீனம்.

ஆகவே வில்லங்கச் சான்றை இன்றே எடுத்துத் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டீஸின் நகலுடன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். குத்தகைதாரர் என்ற முறையில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் உங்கள் தரப்பைச் சொல்ல வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கெடு மிகக் குறைவு. மறுபக்கம், உரிமையாளர் மீது 6 லட்சத்தை மீட்பதற்கான நடவடிக்கையைத் தனியாகத் தொடங்குங்கள். அடமானத்தை மறைத்து உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் காவல் துறையில் மோசடிப் புகார் கொடுக்கவும் இடம் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளர் என்பதால் கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு நீங்களும் தகுதியுடையவர். தொகையை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்; ரொக்கமாகக் கொடுத்திருந்தால், பெற்றுக்கொண்டதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் உங்களுக்குத் துணை.

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து அட்வான்ஸ் கொடுத்து ஒரு வீட்டில் தங்கியிருக்கிறோம். ஒப்பந்தம் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. நான் மட்டும் கிளம்புகிறேன். என் பங்கை வீட்டுக்காரர் தர வேண்டுமா?
(பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்: இல்லை. அவருக்குக் கையெழுத்திட்டவரை மட்டுமே தெரியும். வீடு காலியாகும்வரை அட்வான்ஸை உடைத்துக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. உங்கள் பங்கை உங்கள் இடத்துக்கு வரும் புதியவரிடமிருந்தோ நண்பர்களிடமிருந்தோ வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன் அவர்கள் இருவரும் வாட்ஸ்அப்பிலாவது ஒப்புக்கொள்ளட்டும்.